கோகோபோலோவுக்கு அழுதவர்

மரத்துக்காகக் கண்ணீர் விட்ட மனிதர்கள் இந்தப் பூமியில் மிகச் சிலர். அந்தச் சிலரிலும் இன்று உயிரோடிருப்பவர் ஒருவர்தான். அவர் பேஸ் கிட்டார் செய்கிறவராக வாய்த்தது இசை முற்பிறவியில் செய்த புண்ணியம். அவரைப் பற்றி வந்த கட்டுரை ஒன்று இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணீரை நேரில் பார்த்தவர். கண்ணில் மட்டுமல்ல, மூக்கிலும் வந்தது. அதைக் கட்டுரையில் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

விஷயம் என்னவென்றால், ஆசானுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது.

எல்லாத் தூசியும் அல்ல. கருங்காலியை நாள் பூராவும் இழைப்பார், ஒரு தும்மல் வராது. வெட்டினால் ஊதா நிறம் காட்டும் மரம், வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட மரம், எதுவும் அவரை ஒன்றும் செய்ததில்லை. கோகோபோலோ என்று ஒன்று உண்டு. ஈட்டி மரத்துக்குக் கடல் கடந்த பங்காளி. செக்கச்செவேலென்று இருக்கும், வெட்டும்போது கிராம்பும் ரோஜாவும் சேர்ந்த மாதிரி வாசனை வரும், தூள் ஆரஞ்சு நிறத்தில் பறக்கும். அதில் ரம்பம் பட்டால் போதும், ஆசானின் கண்கள் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஊற்றும்.

ஆசான் என்ற பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்டால் வீட்டில் சிரிப்பார்கள். கடைப் பெயர்ப்பலகையில் அவரே எழுதிக்கொண்டார். ஊர் அதைப் படித்துவிட்டு அப்படியே கூப்பிட ஆரம்பித்தது.

கடை வீட்டுக்குக் கீழே. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் சலவைக் கடை. ஒன்றிலிருந்து ரப்பர் வாடையும் மற்றதிலிருந்து சோப்பு ஆவியும் வந்து பட்டறைக்குள் சந்தித்துக்கொள்ளும். சுவரோரம் பலகைகள் நிறுத்தியிருக்கும். ஒவ்வொன்றின் முனையிலும் வெடிக்காமலிருக்க மெழுகு தடவியிருக்கும். மேலே கம்பியில் பாதி முடிந்த உடல்கள் தொங்கும். கழுத்து மட்டும் தனியாக, உடல் மட்டும் தனியாகத் தொங்குவதால், புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

பேஸ் கிட்டார் அடிச்சுருதியில் உறுமும் ஒரு பாவப்பட்ட வாத்தியம். கச்சேரியில் அது ஒலிப்பது யாருக்கும் தெரியாது. நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறதே என்று தலையைத் தூக்குவார்கள். அதை வாசிக்கிறவர்களுக்கு இந்த வருத்தம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். முன்னால் நிற்கும் பாடகனைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், நம் கையிலிருக்கும் கட்டையையாவது பார்க்கட்டும் என்று வேறு எவனிடமும் இல்லாத மரத்தில் செய்யச் சொல்வார்கள். ஆசானின் பிழைப்பு அந்த வருத்தத்தில் நடந்தது.

கண்ணீர் வந்த கதை இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் கோகோபோலோ பலகை வந்த அன்று, ஒரு வாடிக்கையாளர் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஆசான் ரம்பத்தை ஓட்டினார். கண் கொட்டியது.

"ஏன் ஆசான் அழறீங்க?"

தூசி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் போன் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருநூறு வருஷம் நின்ன உசுரு தம்பி," என்றார் ஆசான்.

அந்தப் படத்தை லட்சம் பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து 'முதல் வெட்டு' என்று கடையில் ஒரு சம்பிரதாயம் வந்துவிட்டது. வாத்தியம் கேட்டவர் நேரில் வர வேண்டும். அவர் முன்னிலையில் ஆசான் பலகையைத் தொட்டு, ஒரு வெட்டு வெட்டி, அழுவார். கேட்டவரும் முடிந்தால் அழுவார். பிறகு ஆசான் மாடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு படுத்துவிடுவார். மிச்சமிருக்கிற எல்லா வெட்டையும் அவர் மனைவி வெட்டுவாள்.

அவளுக்கு எந்தத் தூசியும் ஒன்றும் செய்யாது. பலகைகளை ஒட்டுவது, கழுத்தை இழைத்து உள்ளங்கைக்குப் பதமாக்குவது, உப்புத்தாள் போட்டு எண்ணெய் ஏற்றுவது எல்லாம் அவள் கை. விரல் இடுக்கில் ஆரஞ்சு நிறம் ஏறி, கல்யாண வீடுகளில் மருதாணியா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவாள். உள்ளே கம்பி இழுத்து, காந்தச் சுருள் வைத்து, ஈயம் பற்ற வைப்பது அவள் தம்பி.

இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆசானின் மார்பு விசிலடிக்கும் வரை. முதல் வருஷம் கண். இரண்டாவது வருஷம் மணிக்கட்டில் தடிப்பு. இந்த வருஷம் பதினாலு படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். நிற்கிறபோதெல்லாம் ஏதோ யோசனை வந்த மாதிரிச் சுவரைப் பார்ப்பார்.

அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா கேட்டார், "என்ன வேலை பாக்கறீங்க?"

"மரத்தோட பேசறவன்."

"அது சரி. வேலை?"

"கிட்டார் செய்யறார் டாக்டர்," என்றாள் அவள்.

கையில் சின்னச் சின்னதாகக் குத்திப் பார்த்தார்கள். எல்லா மரத்தின் தூளையும் அவள் பொட்டலம் கட்டிக் கொண்டு போயிருந்தாள். கோகோபோலோ பட்ட இடம் மட்டும் இட்டலிக்கு ஊற்றின மாவு மாதிரிப் புஸ்ஸென்று எழும்பியது.

"இத விட்டுடுங்க," என்றார் டாக்டரம்மா. "இந்த ஒவ்வாமை ஒவ்வொரு தடவையும் கூடத்தான் செய்யும். இன்னொரு தடவை முகமூடி இல்லாம அந்தத் தூசில நின்னா தொண்டை அடைச்சுக்கும். ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு நேரம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. பகல்ல ஒரு மாத்திரை. ராத்திரி இந்த வெள்ளை. வெள்ளை போட்டா வண்டி ஓட்டக் கூடாது, மெஷின்கிட்டப் போகக் கூடாது, தூக்கம் அசத்தும்."

வெளியே வந்ததும் ஆசான் சொன்னார், "மரத்தப் பத்தி அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?"

"உங்க தொண்டையப் பத்தித் தெரியும்ல."

மாத்திரை வேலை செய்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. நாலே நாளில் ஆசானின் கண் காய்ந்து கிடந்தது. வியாழக்கிழமை தாடிக்காரர் ஒருவர் வருவதாக இருந்தார். பெரிய குழு ஒன்றில் வாசிக்கிறவர். கீழ்ச்சுருதிக்கென்று ஐந்தாவது கம்பி வைத்த பேஸ் கேட்டிருந்தார், முழுக்க கோகோபோலோ. முதல் வெட்டைப் பதிவு செய்து தன் புதுப் பாட்டுக்கு முன்னால் போடப் போவதாகவும், அதற்காகவே கூட ஒரு நல்ல மைக்கைக் கொண்டுவருவதாகவும் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஆசான் ஒத்திகை பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று செத்துப்போன தன் அப்பாவை நினைத்தார். ஒன்றும் வரவில்லை. அப்பா அடித்ததை நினைத்தார். கோபம் வந்தது, கண்ணீர் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று தடவை தோற்றதை நினைத்தார். கொட்டாவி வந்தது.

மைத்துனன் ஈயம் பற்ற வைக்கும் கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒரு யோசனை. வெங்காயம்."

"என்ன?"

"பாதி வெங்காயம். கைக்குட்டைக்குள்ள. தொடைக்கற மாதிரி வச்சுக்கிட்டா..."

"மச்சான், நான் யாரு?"

"ஆசான்."

"ஆசான் வெங்காயத்துக்கு அழுவானா?"

"தூசிக்கு அழுதீங்களே மாமா."

"தூசி மரத்தோடது. அது மரத்துக்கும் எனக்கும் உள்ள சமாச்சாரம். வெங்காயம் ஏமாத்து வேலை."

மைத்துனன் மறுபடியும் கம்பியை எடுத்துக்கொண்டான். ஆசானுக்கும் ஒரு நேர்மை இருந்தது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றுதான் யாராலும் கோடு கிழிக்க முடியவில்லை.

புதன்கிழமை காலை அவள் குப்பைத் தொட்டியைக் கொட்டப் போனபோது ஆரஞ்சுத் தூளுக்குள் பகல் மாத்திரைகள் பொடியாக, காலி அட்டையோடு கிடந்தன. ஒவ்வொன்றையும் பிதுக்கி எடுத்துச் சுத்தியலால் தட்டியிருந்தார். வேலையில் எப்போதும் சுத்தமான ஆள்.

புழுக்கமான நாள். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, வராமல், வீட்டையும் தெருவையும் மூடி போட்டு அவித்துக்கொண்டிருந்தது. அவள் இரண்டு தடவை மாடிக்கு ஏறி எதற்கு வந்தோம் என்று மறந்து இறங்கினாள். ஒரு கழுத்தை எடுத்து இழைக்க உட்கார்ந்து, நாலு இழுப்புக்கு மேல் கை ஓடாமல் வைத்துவிட்டாள். பிறகு போய் அவர் முன்னால் நின்றாள்.

"நாளைக்கு முகமூடி போட்டுக்கிட்டு வெட்டுங்க."

"முகமூடி போட்டா கண்ணீர் எங்க தெரியும்?"

"தெரியாட்டிப் போகட்டும். நான் வெட்டறேன்."

"நீ வெட்டறதப் பாக்கவா அவரு மைக்கு எடுத்துக்கிட்டு வர்றாரு?"

"தொண்டை அடைச்சுக்கும்னாங்க. உங்க முன்னாடிதானே சொன்னாங்க?"

"ஒரு வெட்டு. ஒரே ஒரு நிமிஷம்."

"போன தடவையும் ஒரு நிமிஷம்தான். அன்னைக்கு உதடு ரெண்டும் நீலமாப் போச்சு. நீங்க பாக்கல, நான் பாத்தேன்."

அவர் உளியை எடுத்து அதன் கூர்மையைப் பெருவிரலில் பார்த்தார். பேசியபோது மேடைக் குரல் போய்விட்டிருந்தது.

"பதினோரு வருஷம் இதே கடை, இதே கை. நல்லாத்தானே செஞ்சோம்? செஞ்சு செஞ்சு மாட்டி வச்சோம். எவன் படி ஏறினான்? சலவைக்குக் குடுக்க வந்தவன் தவறி உள்ள வந்தாத்தான் உண்டு. அழுதேன். வந்தாங்க. அழாத ஆசான யாருக்கு வேணும், சொல்லு."

அவர் சொன்னது உண்மை. அந்தப் பதினோரு வருஷத்தில் செய்த வாத்தியங்கள்தான் இப்போது செய்வதைவிட நன்றாக ஒலித்தன, அதுவும் அவளுக்குத் தெரியும்.

"எனக்கு வேணும்," என்றாள்.

"நீ சும்மாரு," என்றார் ஆசான், கொஞ்சம் வெட்கப்பட்டு.

வியாழக்கிழமை காலையில் அவள் ரொட்டியைச் சுட்டாள், கருகியது. இன்னொன்று சுட்டாள், அதுவும் கருகியது. பகல் மாத்திரை ஒன்றுகூட மிச்சமில்லை, நேற்றைய கலக்கத்தில் புதிதாக வாங்கவும் மறந்துவிட்டாள். மருந்துக்கடை திறக்கப் பத்து மணி ஆகும், தாடிக்காரர் ஒன்பதரைக்கு வருவார். அலமாரியில் வெள்ளை மாத்திரை மட்டும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கொடுக்காவிட்டால் தொண்டை. கொடுத்தால் தூக்கக் கலக்கத்தில் ரம்பம். விரல் போவது மேல், மூச்சு போவதைவிட என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

கீழே போய்த் தம்பியைப் பிடித்தாள்.

"டேய், அந்த ரம்பத்துக்குக் கரண்டு போற இடம் எது?"

"பெட்டில மூணாவது ஃபியூஸ், ஃபேனும் அதுலதான். ஏன்க்கா?"

"புடுங்கு."

"மாமா கொன்னுடுவாரு."

"உங்க மாமா சாகாம இருந்தாத்தானே கொல்லுவாரு. புடுங்குடா. அந்தக் கைரம்பத்தையும் கொண்டுபோய் டயர் கடையில குடு. சாணை புடிக்கப் போயிருக்குன்னு சொல்லு."

"டயர் கடையில சாணை புடிக்க மாட்டாங்கக்கா."

"அதனாலதான் அங்க தேட மாட்டாரு."

அவன் பிடுங்கினான். மேலே போய் அவள் வெள்ளை மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கினாள். ஒன்று போதுமா என்று சந்தேகம் வந்தது. இன்னொன்றையும் நசுக்கினாள். டீயில் வழக்கத்தைவிட இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டாள். ஆசான் குடித்துவிட்டு, "இன்னைக்கு டீ நல்லாருக்கு, தினம் இப்படிப் போட்டா என்ன?" என்றார்.

தாடிக்காரர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். பட்டறைத் தரை முழுக்க ஆணியும் கம்பித் துண்டும் கிடந்ததால் இரண்டு அடி வைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். மேஜைமேல் கோகோபோலோ பலகை படுத்திருந்தது. ஆசான் வெள்ளைச் சட்டையில் நின்றார். முகமூடி இல்லை.

"தயாரா ஆசான்?"

"நான் தயார். மரம் தயாரான்னு கேக்கணும்," என்றார் ஆசான், போகிற போக்கில். போய் ரம்பத்தின் விசையைத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தட்டினார்.

"கரண்டு இல்லியா?"

மைத்துனன் மேலே பார்த்தான். "ஃபேனும் நின்னுருச்சு பாருங்க மாமா. லைன்ல ஏதோ."

"கைரம்பம் எங்க?"

"சாணைக்குப் போயிருக்கு," என்றாள் அவள். குரல் ஒரு மாதிரியாக வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

தாடிக்காரர் மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம்தான் அப்படி நிற்பார். ஆசானின் நெற்றியில் வேர்வை பூத்தது. ஆனால் பதினோரு வருஷம் யாரும் வராத கடையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

"பாத்தீங்களா," என்றார் மெதுவாக. "கேட்டேன். இன்னும் இல்லங்குது."

"மரமா?"

"வெட்டறதுக்கு முன்னாடி கேக்கணும். எல்லாரும் வெட்டறாங்க, யாரு கேக்கறாங்க?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குனிந்தார். வலது காதைப் பலகையில் வைத்தார். கண்ணை மூடினார். இது அவர் அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்தது. பிற்பாடு எழுதியவர்கள் பரம்பரை வழக்கம் என்று எழுதினார்கள்.

அரை நிமிஷம் ஆயிற்று. ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆசானின் தோள் இறங்கியது. கை ஒன்று மடியிலிருந்து நழுவித் தொங்கியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்பியைப் பார்த்தாள், அவனுக்கும் புரிந்துவிட்டது. தாடிக்காரருக்கு மட்டும் வேறு விதமாகப் புரிந்தது. அவர் மைக்கைப் பலகைமேல் நிறுத்தி வைத்து, எதிர் முனையில் முழங்காலிட்டு, தன் காதையும் பலகையில் வைத்தார். வேறு சத்தம் கலந்துவிடக் கூடாதென்று மற்றக் காதை விரலால் அடைத்துக்கொண்டார்.

கோகோபோலோ கனமான மரம், சத்தத்தை நன்றாகக் கடத்தும். ஆசானின் தொண்டையிலிருந்து ஆரம்பித்த குறட்டை தாடை எலும்பு வழியாக இறங்கி, பலகை நெடுகப் பயணம் செய்து, மறுமுனையில் சுத்தமான கீழ்ச்சுருதியாக வெளிவந்தது. தாடிக்காரரின் வாய் திறந்துகொண்டது.

"அஞ்சாவது கம்பி," என்று முணுமுணுத்தார். "அச்சு அசலா அதே சுருதி."

மைத்துனனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். அங்கிருந்து வந்த சத்தம் டயர் வெடித்த மாதிரி இருந்தது. அவள் பின்னாலேயே போய் அவனைச் சலவைக் கடைக்குள் தள்ளி, "கத்தாதடா, கத்தாதடா," என்று முதுகில் அடித்தாள். அடித்துக்கொண்டே அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுகையும் வந்தது. சலவைக்காரர் ஒரு துண்டைக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது இருவரும் அப்படியே இருந்தார்கள். அவள் கணவனின் பக்கத்தில் நின்று அவர் முதுகைப் பார்த்தாள். ஏறியது, இறங்கியது. விசில் இல்லை. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்த மார்பு சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மாத்திரையின் புண்ணியம், தூசியில்லாத பலகையின் புண்ணியம். அவள் அங்கேயே நின்று எண்ணினாள். நூறு வரைக்கும் எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

இருபது நிமிஷம் கழித்துத் தாடிக்காரர் எழுந்து வந்து ஆசானின் தோளைப் பயபக்தியோடு தொட்டார்.

"ஆசான். என்ன சொல்லுது?"

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றார் ஆசான், கண்ணைத் திறக்காமல்.

"ஆகட்டும், ஆகட்டும்," என்று தாடிக்காரர் பின்வாங்கினார். மரத்துக்கு அவசரமில்லை என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

அவர் போன பிறகு, மத்தியானம், அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாத்திரை, ஃபியூஸ், கைரம்பம், சர்க்கரை. ஆசான் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார். பாதியில் கொட்டாவி வந்ததால் உட்கார்ந்தார்.

"எனக்கு மருந்து வச்சியா நீ?"

"வச்சேன். இனிமேலும் வப்பேன்."

"எம்பொழப்பு போயிருந்தா?"

"போகல. அவரு வெளிய போறப்ப அழுதுகிட்டே போனாரு. நீங்க பாக்கல, நான் பாத்தேன்."

ஆசான் பலகையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இந்த முறை எதையும் கண்டுபிடிக்காமல், வெறுமனே ஒரு மரத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய முகமூடியை எடுத்துத் தட்டி, அவளிடம் கொடுத்தார்.

"நீ வெட்டு. நான் மாடில இருக்கேன்."

"எனக்கு முகமூடி எதுக்கு?"

"போட்டுக்கோ. உனக்கும் என்னைக்காவது ஒத்துக்காமப் போனா இந்தக் கடைய யாரு பாக்கறது?"

முதல் வெட்டுச் சம்பிரதாயம் அத்தோடு நின்றது. வெட்டும்போது அழுவதெல்லாம் ஆரம்பப் பாடம், கேட்பதுதான் மேல்படிப்பு என்று ஆசான் இரண்டு பேட்டிகளில் சொன்னார். இப்போது வாடிக்கையாளர்கள் வந்தால் வெட்டாத பலகையில் காதை வைத்துப் பத்து நிமிஷம் உட்காருவார். வெட்டாத பலகையில் தூசி இல்லை. டாக்டரம்மா கேட்டுவிட்டு, அதில் ஒன்றும் தப்பில்லை என்றார்.

தாடிக்காரர் சொன்னபடியே பதிவைத் தன் பாட்டுக்கு முன்னால் சேர்த்தார். 'இருநூறு வருஷத்து மரத்தின் சுவாசம்' என்று தலைப்பும் வைத்தார். இதுவரை மூன்று லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். நாலாவது நிமிஷத்தில் ஆசான், தெளிவாக, "ஏம்மா, ஃபேனக் கொஞ்சம் கூட்டி வையேன்" என்கிறார்.